கறிக்கு முன்னால் இனிப்பு

ஓவனிலிருந்து வெண்ணெய் வாசனை வந்தது.

வெண்ணெய் வாசனை வந்தால் யாருக்கும் சந்தோஷம்தான். எனக்கு அன்றைக்கு அப்படி இல்லை. அந்த மாவில் ஒரு துளி வெண்ணெய்கூட இருக்கக் கூடாது. வனஸ்பதியும் தேங்காய்ப்பாலும்தான் போட வேண்டும் என்று வீட்டில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

தாணேயில் என் சிநேகிதி நவோமி வீட்டுச் சமையலறை. ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. புது ஓவனுக்குள் ருகலா என்கிற பலகாரத்தின் முதல் தட்டு நிறம் மாறத் தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் சண்முகம் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற தகப்பனைப் போல முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஏட்டி, வாசம் எப்படி?" என்றார்.

"மாவுல என்னத்தப் போட்டீய?"

"சொல்லுதேன். முதல்ல வாசத்தச் சொல்லு."

அவர் சொல்லவே வேண்டாம், எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த அறையில் நவோமி குளித்துவிட்டுப் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வருவதற்குள் நான் என்ன செய்வது என்று யோசித்தேன்.

ஒரு தட்டுப் பலகாரத்துக்கு இவ்வளவு பதற்றமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் போனால்தான் புரியும்.

நெய் இல்லாத அல்வா

தாராவியை விட்டுச் செம்பூருக்குக் குடிவந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். "பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று சொல்லவே இல்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சொல்கிறேன் அம்மா. பக்கத்து வீடுதான் நவோமி.

அது ஒரு பழைய சால். வரிசையாக வீடுகள், முன்னால் நீளமாக ஒரு பொது வராந்தா, கடைசியில் தண்ணீர்க் குழாய். நவோமி மராத்தி பேசினாள், புடவை கட்டினாள், மீன்காரியிடம் பேரம் பேசினால் அந்தத் தெருவே நின்று கேட்கும். நான் அவளை மராட்டியப் பெண் என்றே நினைத்திருந்தேன். வெளியே போகும்போதும் வரும்போதும் நிலைக்காலில் அடித்திருந்த ஒரு சின்னக் குப்பியைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வாள். ஒருநாள் கேட்டேன். "நாங்க யூதர்கள்" என்றாள். கொங்கண் கடற்கரையில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறவர்கள். வந்த காலம் அவர்களுக்கே சரியாகத் தெரியாது.

குழாயடியில் நின்று நின்று அவள் தமிழ் கற்றுக்கொண்டாள். என்னிடம் கற்றதால் அது திருநெல்வேலித் தமிழாகவே வந்தது. மாட்டுங்காவில் ஒரு கடைக்காரர், "அம்மாவுக்கு எந்த ஊரு, அம்பாசமுத்திரமா?" என்று அவளிடம் கேட்டிருக்கிறார். அதைப் பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவர்களுடைய வருடப் பிறப்பு மழைக்காலம் முடிகிற சமயத்தில் வரும். முதல் வருடம், அவள் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர் அல்வாவுக்குத்தான் கோதுமைப் பால் எடுப்பார்கள். பம்பாயில் ஒரு யூத வீட்டில் அது நடக்கிறதே என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெய் ஊற்றுகிற நேரம் வந்தது. அவள் ஒரு தூக்குச் சட்டி நிறையத் தேங்காய்ப்பாலைக் கொண்டுவந்து ஊற்றினாள்.

"நெய் எங்க?" என்றேன்.

"நெய் கிடையாது."

"நெய் இல்லாம அல்வாவா? இது என்ன அநியாயம்?"

அப்போதுதான் விளக்கினாள். பாலில் வந்த எதையும் இறைச்சியோடு சேர்க்கக் கூடாது. பால், தயிர், வெண்ணெய், நெய் எல்லாம் அதில் அடக்கம். ஒரே சாப்பாட்டில் இரண்டும் வரக் கூடாது. கறி சாப்பிட்டபின் பல மணி நேரம் பால் பக்கமே போகக் கூடாது. பாத்திரங்கள்கூடத் தனித்தனி. பண்டிகை என்றால் கறி இருக்கும், அதனால் இனிப்பில் நெய் இருக்காது. தேங்காய்ப்பால் பெயருக்குத்தான் பால், அது எதிலும் சேரும்.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. அம்மன் கொடைக்கு நோன்பிருக்கிற வீடுகளில் நாம் பார்க்காத சட்டமா? அந்த அல்வாவும் நன்றாகவே இருந்தது. ஆனால் அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு மூன்று வருடமாயிற்று.

அல்வா தட்டு எங்கள் வீட்டுக்கு வரும். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து அதை எடுத்து மெல்லுவார், ஒன்றும் சொல்ல மாட்டார். மான்குர்த்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார் அவர். நெய் ஏன் இல்லை என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை. கேட்காததைச் சொல்வானேன் என்று நானும் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சம்பந்தியம்மாவின் கேள்வி

நவோமியின் கணவர் காலமானபின் அவள் தாணேக்குப் போய்விட்டாள். அங்கே அவளுடைய சொந்தங்கள் நிறைய. ஒரே மகன் டேனியல் இஸ்ரேலுக்கு வேலைக்குப் போனான். அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டான். பெண் பெயர் தாலியா. அவளுடைய குடும்பம் ஐரோப்பாவிலிருந்து போய் அங்கே குடியேறிய குடும்பம்.

நவோமியால் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. முழங்கால் ஆபரேஷன் ஆன சமயம். எல்லாம் போன் திரையில்தான் பார்த்தாள். பெண்ணின் அம்மா ஹன்னாவோடு பேசியதும் அப்படித்தான். முதல் பேச்சிலேயே அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"அங்கே நீங்கள் பாலையும் இறைச்சியையும் தனித்தனியாகத்தானே வைத்துக்கொள்கிறீர்கள்?"

நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். ஆனால் நவோமிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்று சாயங்காலமே எனக்குப் போன் போட்டாள்.

"காலங்காலமா இத ஒரு நாள் விடாம காப்பாத்திட்டு வாரோம். கேட்ட கேள்வியப் பாத்தியா? எங்களையெல்லாம் யூதர்னே அவுக முழுசா நம்பலடி."

"சும்மா கேட்டிருப்பாக" என்றேன்.

"சும்மா கேக்கல. எனக்குத் தெரியும்."

சம்பந்தி என்றால் எந்த நாட்டிலும் சம்பந்திதான். ஒரு வார்த்தை விழுந்தால் எடுக்க முடியாது. அந்த வார்த்தை அவள் நெஞ்சில் இரண்டு வருடம் கிடந்தது.

அப்புறம்தான் அவர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. மகன், மருமகள், கூடவே சம்பந்தியம்மா. ஓட்டலில் தங்குவார்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் நவோமி வீட்டில் விருந்து.

"அந்தப் புள்ள வீட்டுப் பலகாரம் ஒண்ணு இருக்கு, ருகலா" என்றாள் நவோமி. "டேனியல் போட்டோ அனுப்புவான். அத நான் செஞ்சு வைக்கணும். நீ வரணும்."

நான் வீட்டில் கேக் செய்து விற்கிறவள். மேலே ஐசிங்கில் பெயர் எழுதுகிற பிறந்தநாள் கேக்குகள், நான்கட்டாய், தீபாவளிக்குப் பிஸ்கட். யூதப் பலகாரம் செய்ததில்லை. "உன் அல்வாவையே வை, அதுக்கு மேல என்ன?" என்றேன். கேட்கவில்லை.

"வேத்து வீட்டுக்கு வந்திருக்கோம்னு அந்தப் புள்ளைக்குத் தோணக் கூடாது" என்றாள். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

மாவு பிசைந்தவர்

ருகலா ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மைதாவில் நிறையக் கொழுப்புச் சேர்த்து, அதிகம் பிசையாமல் உருட்டி, ஓர் இரவு முழுக்கக் குளிரில் வைக்க வேண்டும். மறுநாள் சப்பாத்திபோல வட்டமாகத் தேய்த்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் பொடித்த அக்ரூட்டும் தூவ வேண்டும். வட்டத்தை முக்கோணத் துண்டுகளாக வெட்டி, அகலமான ஓரத்திலிருந்து கூர்முனை வரைக்கும் சுருட்ட வேண்டும். முனை அடியில் மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஓவனில் வாயைப் பிளந்துகொள்ளும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் போட்டுச் செய்வதை வீடியோவில் பார்த்தேன். அது நமக்கு ஆகாது. விருந்தில் கறி இருக்கிறது, ருகலா அதற்குப் பிறகு வருகிற இனிப்பு. எனவே வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி, பாலாடைக்கட்டிக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால். இரண்டு தடவை செய்து பார்த்தேன். மொறுமொறுவென்று வந்தது.

நவோமி புது ஓவன் வாங்கினாள். மாவு பிசைய எனக்கு ஒரு புதுப் பாத்திரம் கொடுத்தனுப்பினாள். "சுடுறது எங்க வீட்டுலதான். ஓவன் சுவிட்ச நான்தான் போடுவேன். அடுப்ப எங்காளுக கைதான் மூட்டணும், அது எங்க வழக்கம், நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்றாள். நான் என்ன நினைப்பது? நீ சுவிட்சைப் போடு, கரண்ட் பில்லையும் நீயே கட்டு என்றேன்.

சனிக்கிழமை எனக்கு மாட்டுங்காவில் ஒரு பெரிய கேக் ஆர்டர். ஓய்வு பெற்றதிலிருந்து என் வீட்டில் மாவு பிசைகிறவர் என் வீட்டுக்காரர்தான். லேத் பிடித்த கை, அதன் அழுத்தம் எனக்கு வராது. எல்லாவற்றையும் எடுத்து மேடைமேல் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மாவு உருண்டைகள் பிளாஸ்டிக் தாளில் சுற்றி பிரிட்ஜில் இருந்தன. மேடை துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் மேடையைத் துடைத்ததாகச் சரித்திரமே கிடையாது.

மறுநாள் ஹார்பர் லைனில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தியிருந்தார்கள். ஆட்டோ பிடித்துக் குர்லா போய், அங்கிருந்து தாணே லோக்கல். ஐஸ் கட்டி போட்ட பையை அவர் மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "மச்லி ஹை க்யா?" என்று மூக்கைச் சுளித்துக் கேட்டார். இவருக்கு வந்ததே கோபம். "மீனாம்ல மீனு! இது என்ன சாமான்னு தெரிஞ்சா கேப்பானா?" என்று என்னிடம் தமிழில் பொரிந்து தள்ளினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நவோமி வீட்டில் மாவைத் தேய்க்கும்போது அது கைக்குக் கீழே சீக்கிரமாகவே இளகியது. தாணே வெயில் என்று நினைத்துக்கொண்டேன். நவோமி ஒவ்வொரு முட்டையாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, அப்புறம்தான் மேலே தடவக் கொடுத்தாள். ஓவன் சுவிட்சைப் போட்டாள். குளிக்கப் போனாள்.

இப்போது ஓவனிலிருந்து வெண்ணெய் வாசனை.

"இத்தன வருஷமா?"

நவோமி ஈரத் தலையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். மூக்கு ஒருமுறை விரிந்தது.

"வெண்ணெய்" என்றாள்.

நான் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அங்கே நான் பேசியதையெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது. அவர் திகைத்துப்போய் நின்றார். வெண்ணெய் போட்டதற்குத் திட்டு வாங்குகிற மனிதனை அவர் அதுவரை கண்டதில்லை.

"நல்ல வெண்ணெய்தானட்டி. மாட்டுங்காவுக்குத் தனியாப் போயி, வெள்ளை வெண்ணெயா பாத்து வாங்கியாந்தேன்."

"ஏன்? நான் எடுத்து வச்ச வனஸ்பதி என்னாச்சு?"

அவர் நவோமியைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, அந்தக் காலத்துல நீங்க நெய்க்கு வழியில்லாமத்தான அல்வாவுல தேங்காப்பால் ஊத்துனிய? எனக்குத் தெரியாதா? கேட்டா மனசு சங்கடப்படுவியன்னுதான் கேக்கல. இன்னைக்கு சம்பந்தி வாராக. அவுக முன்னால உங்களுக்கு ஒரு கொறை வரலாமா? வனஸ்பதி வாசம் அடிச்சா என்ன நெனப்பாக?"

நவோமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னாள்.

"சண்முகம்ஜி, இத்தன வருஷமா எங்கள ஒண்ணுமில்லாதவுகன்னா நெனச்சிய?"

"அப்படியில்லக்கா..."

அந்த மனிதர் பத்துப் பதினைந்து வருடம் அந்த அல்வாவை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டதன் காரணம் எனக்கும் அன்றுதான் தெரிந்தது. கோபம் பாதி அப்படியே கரைந்துவிட்டது. மீதியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். புதிதாக மாவு பிசைந்து குளிர வைக்க நேரமில்லை. கடையில் இனிப்பு வாங்கலாம் என்றால் எல்லாம் பாலும் நெய்யும்தான்.

நான் மெதுவாகச் சொன்னேன். "சொல்லாம வச்சா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா" என்றாள் நவோமி.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் எழுந்து ஓவனை அணைக்கப் போனாள். "விடு. பழம் நறுக்கி வச்சிரலாம். இத நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தச் சாதாரணம்தான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஓவனையே அவள் இதற்காகத்தான் வாங்கியிருந்தாள்.

என் வீட்டுக்காரர் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, ஒரு சந்தேகம். கறி தின்ன பொறவுதான வெண்ணெய் ஆகாது? முன்னாடி தின்னா?"

நவோமியின் கை சுவிட்சில் நின்றது.

"முன்னாடின்னா தின்னலாம். வாய் கொப்புளிச்சிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துக் கறி தின்னலாம்."

"அவ்வளவுதான? நம்ம ஊருல பந்தியில முதல்ல இலையில இனிப்பத்தான வைப்பாக. அப்படி வச்சிருவோம்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தன்பாட்டுக்கு ஓவனுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவோமி தலையை ஆட்டினாள். "சட்டப்படி சரிதான். ஆனா வீடு முழுக்கக் கறி வாசம். கூடவே வெண்ணெய் வாசம். உள்ள கால் வச்சதுமே அவுக மூக்குல ரெண்டும் ஏறும். அன்னைக்குக் கேட்டுச்சே ஒரு கேள்வி, அதுக்கு இதான் பதிலுன்னு நெனச்சிருவாக."

"கேட்டா சொல்லு" என்றேன். "நீதான் எனக்கு ஒரு தடவ சொன்னியே, அல்வா கிண்டுதப்ப. அதே மாதிரி சொல்லு."

அவள் கையைச் சுவிட்சிலிருந்து எடுத்தாள்.

மேசை

வெள்ளை விரிப்பு. கண்ணாடித் தட்டுகள். பாலூற்றிய டீ. நடுவில் ருகலா. கறிப் பாத்திரத்தை இறுக மூடி, பால்கனிப் பக்கம் ஒரு தனி மேசையில் வைத்திருந்தாள். மூடி என்ன பிரயோசனம், அந்த வாசனை மாடிப்படி வரைக்கும் போயிருந்தது.

வந்தார்கள். தாலியா குட்டையாக, படபடவென்று பேசுகிற பெண். நிலைக்கால் குப்பியைத் தொட்டு விரலை முத்தமிட்டுவிட்டு நவோமியைக் கட்டிக்கொண்டாள். பின்னால் ஹன்னா. வெள்ளைத் தலைமுடி, தட்டைச் செருப்பு, சிரித்தும் சிரிக்காத முகம். எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் என் சின்ன நாத்தனாரின் மாமியார் ஞாபகம் வந்தது.

தாலியா ருகலாவைப் பார்த்துக் கூவினாள். ஹன்னா ஒன்றைக் கையில் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். பால்கனிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தன் மொழியில் என்னவோ கேட்டார்.

டேனியல் தன் அம்மாவைப் பார்த்தான். தயக்கத்தோடு மராத்தியில் சொன்னான். "அம்மா, இது பால் சேர்ந்ததா என்று கேட்கிறார்."

நவோமி அதுவரைக்கும் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆமா. வெண்ணெய் போட்டது. இந்தத் தட்டும் பால் தட்டு. அதனாலதான் முதல்ல வச்சிருக்கேன். கறி பின்னால வரும், வேற விரிப்புல, வேற தட்டுல. எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான்" என்றாள் மராத்தியில். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. மன்னிப்புக் கேட்கிற குரலும் இல்லை.

டேனியல் மொழிபெயர்த்தான். ஹன்னா கேட்டுக்கொண்டே அவளைப் பார்த்தார். ஹன்னா திரும்பவும் ஏதோ கேட்டார். இன்னொரு கேள்வியா, விடவே மாட்டாரா இந்த அம்மா என்று நினைத்தேன்.

"எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று கேட்கிறார்" என்றான் டேனியல். "அவர்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டாம். ஆனால் இது உங்கள் வீடு, உங்கள் வழக்கத்தைச் சொல்லுங்கள், அதன்படி இருக்கிறேன் என்கிறார்."

நவோமி அந்த நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டாள்.

"அரை மணி நேரம்" என்றாள்.

ஹன்னா தலையசைத்துவிட்டு ருகலாவைக் கடித்தார். மென்றார். பட்டை கொஞ்சம் தூக்கல் என்றார். சம்பந்தி ஒரு குறையாவது சொல்லாமல் போக முடியுமா? சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் இன்னொன்றும்.

பிறகு எல்லோரும் போய் வாய் கொப்புளித்தோம். விரிப்பை மாற்றினோம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கறி வாசனையை மோந்துகொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது சாமானியமில்லை. என் வீட்டுக்காரர் படும் பாடு எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வெண்ணெய் வாங்கப் போன கால்களுக்கு அது வேண்டியதுதான்.

ஹன்னா சும்மா இருக்கவில்லை. சமையலறையைப் பார்க்கலாமா என்றார். நவோமி விறைத்துப்போனாள். நானும் கூடவே போனேன். அலமாரியில் மேல்தட்டு பால் பாத்திரம், கீழ்த்தட்டு கறிப் பாத்திரம். கறிப் பாத்திரங்களின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருப்பாள் நவோமி, மாறிவிடக் கூடாதென்று. ஹன்னா ஒரு கரண்டியைத் திருப்பிப் பார்த்தார். அந்தச் சிவப்புப் பொட்டைப் பெருவிரலால் தடவினார். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்கள் வீட்டில் நீலம்" என்றார் ஆங்கிலத்தில்.

அதற்கப்புறம் அந்த இரண்டு பெண்களுக்கும் நான் தேவைப்படவில்லை. டேனியலும் தேவைப்படவில்லை. துண்டு துண்டான ஆங்கிலத்தில், கையைக் காட்டிக் காட்டி, தேங்காயைத் துருவுவது எப்படி, பால் எடுப்பது எப்படி, கறியில் எப்போது ஊற்றுவது என்று நவோமி சொல்லிக்கொண்டிருந்தாள். ஹன்னா துருவலில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அரை மணி முடிந்து இன்னும் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது, அவர்கள் வெளியே வரவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் வாசலில் நின்று கனைத்தார்.

கறியை ஹன்னா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்ட ஹன்னா நின்றார். தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்தார். உள்ளேயிருந்து மீன் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தகர டப்பாக்கள், அவர் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் இருந்தது. எல்லாவற்றையும் நவோமியின் கையில் வைத்தார். ஒன்றிரண்டு வாக்கியம் பேசினார்.

டேனியல் தரையைப் பார்த்தான். தாலியா அவனை இடித்தாள். அவன் மெல்லச் சொன்னான்.

"இங்கே சாப்பிட முடியுமோ முடியாதோ என்று பயந்து கொண்டுவந்தாராம். இனிமேல் இதைச் சுமக்க வேண்டியதில்லை என்கிறார்."

நவோமி அந்த டப்பாக்களைப் பார்த்தாள். கோபப்படப் போகிறாளோ என்று நான் பயந்தேன். படுவதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் டப்பாக்களை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் ஹன்னாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்ப நாளைக்கும் இங்கதான் சாப்பாடு" என்றாள். அவசரத்தில் தமிழில் சொல்லிவிட்டாள். "ஊருக்குப் போற வரைக்கும் இங்கதான்."

டேனியல் மொழிபெயர்க்க வாயெடுத்தான். ஹன்னா அவனைப் பேசாமலிருக்கச் சொல்லிக் கையமர்த்தினார். பிறகு நவோமியைப் பார்த்துத் தலையசைத்தார்.